வெட்கப்படத் தெரிந்த அன்பு



இந்தப் பட்டமளிப்பு விழாவின் முடிவில் நாட்டுப்பண் ஒலிக்கும். 52 விநாடி அசையாமல் நிற்போம். அந்தப் பாட்டை எழுதிய தாகூர், தேசியவாதத்தைக் கண்டித்து 1917இல் ஒரு நூலே வெளியிட்டவர். நாட்டுப்பற்றுக்கும் தேசியவாதத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், நான் அவரைத்தான் காட்டுவேன்.

1916இல் தாகூர் ஜப்பான் போனார். நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் என்று தடபுடலாக வரவேற்றார்கள். அவரோ மேடையேறி, மேற்கு நாடுகளைப் பார்த்து ஆதிக்க வெறியைப் பழகிக்கொள்ளாதீர்கள் என்று விருந்து வைத்தவர்களிடமே சொன்னார். வரவேற்பு ஆறிப்போனது, அடிமை நாட்டுக் கவிஞர் வேறெப்படிப் பேசுவார் என்று ஏளனமும் எழுந்தது. 1938இல், சீனாவின் மீது ஜப்பான் தொடுத்த போரை நியாயப்படுத்தி, அவரோடு பழகிய ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி அவருக்குக் கடிதம் எழுதினார். தாம் நேசிக்கும் ஜப்பானிய மக்களுக்கு வெற்றி கிடைக்க வேண்டாம், மனம் வருந்தும் நிலையே வரட்டும் என்று தாகூர் பதில் எழுதினார்.

அடுத்த நாட்டுக்கு மட்டும்தான் புத்தி சொன்னாரா? 1921இல், ஒத்துழையாமை இயக்கத்தில், அந்நியத் துணியைக் குவித்துத் தீ வைத்தார்கள். உடுக்கத் துணியில்லாதவர்கள் இருக்கும் நாட்டில் இது சரியா, கேள்வி கேட்காமல் எல்லோரும் ஒரே வழியில் நடப்பது சரியா என்று காந்தியிடமே வாதாடினார். ‘யங் இந்தியா’ இதழில் காந்தி மறுப்பு எழுதினார். அதன் தலைப்பு ‘பெருங்காவலர்’. தாகூரைத்தான் அப்படி அழைத்தார். தாம் மறுக்கப்போகும் ஒருவருக்கு இப்படியொரு பட்டம்!

தன்னவர்களையே தட்டிக்கேட்கும் இந்த அன்பை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். கண்மாயின் கலுங்கு வாய்க்காலில் ஊர்க்காரர்களே மண்ணடித்துத் தங்கள் வயலோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் அதிகாரிகளுக்கு மனு கொடுத்தார். “ஊர் மானத்தை வாங்கிட்டாரே” என்று அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினார்கள். அடுத்த ஐப்பசி மழையில் மிச்சத் தண்ணீர் போக வழியில்லை. நடுச்சாமத்தில் கரை கசிந்தது. சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு முதலில் கரையேறியவர் அந்தப் பெரியவர்தான். பக்கத்து ஊர்க்காரன் ஒரு வார்த்தை சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டும் வீரர்களை வீடு வீடாகத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. மனு எழுதிய கைதான் மண்வெட்டியும் பிடித்தது.

தேசியம் என்ற சொல்லை நான் பழிக்கவில்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அது அடிமைத்தளையை அறுக்க வந்த சொல். அதே சொல் சொந்த மக்களின் வாயை அடைக்கப் பயன்படும்போதுதான் நஞ்சாகிறது. நாட்டை நேசிக்கப் பகைவன் ஒருவன் தேவையில்லை. தேசியவாதமோ பகைவன் இல்லாமல் ஒரு நாளும் பிழைக்காது. நாட்டுப்பற்றுக்கு வெட்கப்படத் தெரியும். பிள்ளை தப்புச் செய்தால் தாய் தலைகுனிவதுபோல. தேசியவாதத்துக்குத் தன் பிள்ளை தப்பே செய்யாது.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் அதிகாரிகள் ஆவீர்கள், சிலர் பத்திரிகையாளர்கள் ஆவீர்கள், சிலர் கடல் கடந்து போவீர்கள். எங்கே இருந்தாலும் ஒரு நாள் உங்கள் மேசைக்கும் அப்படியொரு மனு வரும். எழுதியவரைத் துரோகி என்று சொல்லுமுன், எழுந்து போய் வாய்க்காலைப் பாருங்கள்.