புண் ஆறும் விதம்



1939ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஜோன் கிராண்டன் என்னும் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு விபரீதமான சோதனையில் இறங்கினார். பழம், காய்கறி, பால் யாவற்றையும் விலக்கி, விற்றமின் சி இல்லாத உணவையே உண்டுவந்தார். மூன்று மாதங்கள் சென்றபின் அவருடைய முதுகிலே கீறிப் பார்த்தார்கள். புண் வழக்கம்போல் ஆறிற்று. ஆறு மாதங்கள் சென்றபின் மீண்டும் கீறினார்கள். மேற்றோல் மூடிக்கொண்டது, அதன் கீழே சதை கூடவேயில்லை. பின்னர் விற்றமின் சி ஏற்றிப் பத்து நாள் கழித்துப் பார்த்தபோது புண் நன்றாகக் கூடியிருந்தது! அம்மனிதரின் துணிவு ஒருபுறமிருக்க, விற்றமினுக்கும் புண்ணுக்கும் என்ன தொடர்பு?

உயிருள்ள உடலினுள்ளே இதனை நுணுகிப் பார்ப்பது அரிது. ஆகவே பிற்கால ஆய்வாளர் தோலின் சிறு துண்டிலிருந்து நார் செய்யும் கலங்களைப் பிரித்து, போஷணைத் திரவத்திலே, தட்டுகளில் வளர்த்தார்கள். உடலைவிட்டுப் பிரிந்த பின்னும் அக்கலங்கள் தம் தொழிலை மறக்கவில்லை. கொலாஜென் என்னும் புரதத்தைச் செய்துகொண்டேயிருந்தன.

தென்னந்தும்பிலே கயிறு திரிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கொலாஜெனும் ஒரு முப்புரிக் கயிறே. அதன் புரிகளிலே புரோலின் என்னும் அமினோவமிலம் நிறைய உண்டு. அவற்றுட் பலவற்றிலே ஒரு நொதியம் ஒட்சிசனைப் பொருத்துகின்றது. அந்த நொதியத்தில் உள்ள இரும்பு செயலிழவாமற் காப்பது விற்றமின் சி. ஒட்சிசன் பொருத்தப்படாத கயிறு ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே புரி பிரிந்துவிடும். நமது உடலின் வெப்பமோ 37 பாகை. அங்கே அந்த நார் எவ்வாறு நிலைக்கும்?

1981இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. தட்டில் வளர்ந்த மனிதத் தோற்கலங்களுக்கு விற்றமின் சி தொடர்ந்து கொடுத்துவர, அவை செய்த கொலாஜென் ஏறக்குறைய எட்டு மடங்காயிற்று. ஏனைய புரதங்களின் உற்பத்தியோ குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை.

இதைக் கேட்டதும், குளிசைகளை அள்ளி விழுங்கினால் தோல் எட்டு மடங்கு உறுதிபெறும் என்று எண்ணிவிடலாகாது. விற்றமின் அறவே இல்லாத கலங்களோடு ஒப்பிட்டுக் கண்ட உயர்வு அது. குறையில்லாத உடலுக்கு மிகுதியாகக் கொடுப்பதிற் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும்.

ஆனால் தனியே வாழும் முதியோர் சிலர் பாணும் தேநீருமாகவே நாளைக் கழிப்பதுண்டு. அத்தகைய ஒருவரின் காலிலே புண் ஆறாதிருந்தால், வைத்தியரிடம் காட்டும்போது அவர் உண்பது இன்னதென்பதையும் சொல்லுங்கள். நாளொன்றுக்கு வேண்டிய விற்றமின் சி ஒரு கொய்யாப்பழத்திலேயே கிடைத்துவிடும்.