ராஜாவுக்குச் சரிகை உடுப்பு மாட்டியது யார்?

(செஞ்சிக் கூட்டத்தில் பேசியது)



தலைவர் நம்மைப் புகழ்ந்த வார்த்தைகளைத் தள்ளிவிட்டுச் சங்கதிக்கு வருவோம். இன்று நாம் சாமியைப் பற்றிப் பேச வரவில்லை. படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஆனால் படத்தைத் தொட்டால் சாமியும் பின்னாலேயே வந்துவிடும். அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல. (சிரிப்பு)

கண்ணை மூடிக்கொண்டு கரிகாலனை நினைத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது? சிவந்த மேனி, வெல்வெட்டுச் சட்டை, சரிகை, தலையில் கிரீடம், காலில் வளைந்த ஜோடு. இந்த வெயிலில், இந்தக் கருங்கல் சூட்டில், ஒரு மனிதன் வெல்வெட்டு மாட்டிக்கொண்டு சண்டை போட்டிருப்பானா என்று நம்மில் எவராவது கேட்டதுண்டா? அந்த உடுப்பு நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. கொட்டகைக்காரரிடமிருந்து சினிமாக்காரர் வாங்கிக்கொண்டார். உங்கள் ஊர் தேசிங்கு ராஜன் 1714-இல் ஆர்க்காட்டு நவாப் படையோடு போரிட்டு மாண்டவர், வடநாட்டு ராஜபுத்திரர். அவருக்கு வேண்டுமானால் அங்கியும் தலைப்பாகையும் பொருந்தலாம். கரிகாலனுக்கு எப்படிப் பொருந்தும்?

இதைக் கேட்டவர் ஓவியர் டிராட்ஸ்கி மருது அவர்கள். 1953-இல் மதுரையில் பிறந்தவர். ருஷியப் புரட்சிக்காரர் பெயரைத் தகப்பனார் பிள்ளைக்கு வைத்தார். பெரியாரும் குழந்தைகளுக்கு ருஷியா, மாஸ்கோ என்று பெயர் வைத்தவர்தானே! மருது அவர்கள் வாயால் கேட்டதோடு நிற்கவில்லை, தூரிகையாலும் கேட்டார். தமிழ் மன்னர்களைச் சினிமா வேஷத்திலிருந்து விடுவித்து அவர் வரைந்த படங்கள் ‘வாளோர் ஆடும் அமலை’ என்ற புத்தகமாக வந்திருக்கின்றன. அதைப் பார்த்தபோது நாம் திடுக்கிட்டோம். நம் தெருவில் நடமாடும் ஆட்களைப் போன்ற உடம்பு! கோட்டில் ஒரு வேகம். குதிரை ஓடுகிறது என்றால் ஓடத்தான் செய்கிறது.

இது வெறும் கற்பனை என்று பண்டிதர் ஒருவர் நம்மிடம் சொன்னார். சரி, பக்கத்திலுள்ள செங்கம் பகுதி நடுகற்களைப் போய்ப் பாருங்கள் என்றோம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய கற்கள். மாடு மீட்கப் போய் மாண்டவன் இடுப்பில் ஒரு துணி, கையில் வில்லோ வாளோ, முடிந்த கொண்டை, அவ்வளவுதான். எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாய்க்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அந்த நாய்க்கும் வெல்வெட்டுக் கிடையாது. (கைதட்டல்)

நிற்க. ராஜாவுக்கு நடந்ததுதான் சாமிக்கும் நடந்தது. ரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பக்கம் அச்சுக்கூடம் வைத்து, ஜெர்மன் தொழிலாளிகளைக் கொண்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் வர்ணத்தில் அடித்துத் தள்ளினார். அப்புறம் கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர்ப் படங்கள். பக்தன் கனவில் வந்து நிற்கும் முகம் அச்சுக்கூடத்து முகம் என்று சொன்னால் நம்மை நாஸ்திகன் என்கிறார்கள்! ரவிவர்மா கைதேர்ந்தவர் என்பதை நாம் மறுக்கவில்லை. கைதேர்ந்தவர் செய்ததனால்தான் இவ்வளவு ஆழமாய்ப் பதிந்துவிட்டது.

இதை ஏன் செஞ்சியில் வந்து சொல்லுகிறோம்? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் என்று 12. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. சந்தோஷந்தான். ஆனால் சிவாஜி இதைப் பிடித்தது 1677-இல். மொகலாயர் பறித்தது 1698-இல். இருபத்தோரு வருஷம்! அதற்கு முன்னே கோனார்கள் கட்டியதாகச் சொல்லுகிறார்கள். பிறகு நாயக்கர், பீஜப்பூரார். இனி வெளியூர்க்காரர் திரளாய் வருவார்கள், படம் கேட்பார்கள். எந்தப் படத்தைக் கொடுக்கப் போகிறீர்கள்? மறுபடியும் சரிகை உடுப்பா?

மருது அவர்களிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. ராஜாவின் வேஷத்தைக் களைந்தவர், ராஜகிரி உச்சிக்குக் கல் சுமந்தவனையும் அவன் பெண்சாதியையும் அதே வேகத்தில் வரைந்து தரவேண்டும். நேரில் கண்டால் கேட்கத்தான் போகிறோம்.

புத்தகம் இதோ மேஜைமேல் இருக்கிறது. தாய்மார்களும் பிள்ளைகளும் முதலில் வந்து பார்க்கட்டும். ஆண்கள் பிறகு வரலாம். கையில் எண்ணெய் இருந்தால் துடைத்துக்கொண்டு வாருங்கள்.