ஒரே பேகடா, இரண்டு மாலைகள்



இலக்கிய வட்டத்தில் சங்கீதத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். பாடபேதம் பார்த்துப் பழகியவர்கள் நாம். சுவடிக்குச் சுவடி சொல் மாறினால், கவிஞன் எழுதியது எது என்று தேடுகிறோம். கச்சேரி ஒலிப்பதிவுகளை ஒப்பிடுகிறவனும் அவ்வாறே தேடத் தொடங்குகிறான். ஆனால் அவன் தேடும் மூலபாடம் எங்கும் இல்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பேகடா இராகத்தைப் பாடியே 'பேகடா' என்னும் அடைமொழி பெற்றவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவருடைய மாணவர் பூச்சி சீனிவாச ஐயங்கார் இராமநாதபுரம் சமஸ்தான வித்துவான். ஐயரின் பேகடாவை இனி எவரும் கேட்க இயலாது. பின்னால் வந்த இராமநாதபுரம் கிருஷ்ணனை (1918–1973) நாம் கேட்கலாம். அவர் சி.எஸ். சங்கரசிவத்திடம் பயின்றவர், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தவர். 'வித்வான்', 'கச்சேரி' என்னும் அவருடைய இசைத்தட்டுகளை நன்சச் நிறுவனம் வெளியிட்டது. அவை மாசற்ற பதிவுகள். சபைகளில் ரசிகர்கள் பதிந்த நாடாக்களோ இருமலும் நாற்காலி நகரும் ஓசையும் நிறைந்தவை. என் தராசு நாடாக்களின் பக்கமே சாயும். முன்வரிசையில் ஒருவர் 'ஆஹா' என்றதும், பாடகர் கடந்துபோன பிடிக்கே திரும்பிவந்து அதை வேறுவிதமாக வளைப்பதை இசைத்தட்டில் கேட்க முடியுமா?

பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அந்தச் சிமிழுக்குள் அடங்க வேண்டியிருந்தது. மேலைநாட்டிலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் குழு, 'டார்க் ஸ்டார்' பாடலை 1968இல் மூன்று நிமிடத்துக்கும் குறைவான இசைத்தட்டாகத் தந்தது. 1969இல் வெளிவந்த மேடைப் பதிவில் அதே பாடல் 23 நிமிடத்தைத் தாண்டியது. ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்வதற்கென்றே அக்குழு 1984 முதல் அரங்கில் தனியிடம் ஒதுக்கியது. நம் சபைகளில் அந்தத் தாராளம் எளிதில் வாய்த்ததில்லை.

ஒப்பிடுகிறவர் முதலில் சுருதியைச் சரிபார்க்க வேண்டும். படியெடுக்கையில் மூல நாடா வேகமாக ஓடியிருந்தால் சுருதி ஏறும், குரல் மெலியும். குற்றம் பாடகருடையது அன்று. மிருதங்கம் பாட்டை அமுக்குகிறதென்று தீர்ப்புக் கூறுமுன், ஒலிவாங்கி எங்கிருந்தது என்று கேளுங்கள். ஆலாபனை திடீரென அறுந்தால், பதிந்தவர் சுருளை மாற்றியிருக்கிறார் என்று கொள்ளுங்கள்.

இவையெல்லாம் கழிந்த பின்னும் இரண்டு மாலைகளின் பேகடா இரண்டாகவே நிற்கும். ஒன்றில் மத்திமத்தில் நெடுநேரம் தங்கல். மற்றொன்றில் அங்கே தொட்டுவிட்டு மேலே ஏற்றம். இரண்டும் அந்தந்த மாலையின் நியாயம்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. நம்மூர் உப்பளக் காற்று இரும்பையே தின்னும். நாடாவில் பூஞ்சை படிய ஒரு மழைக்காலம் போதும். இன்று கணினியில் ஏற்றுகிறவர்கள், 'சிறந்த பதிவு ஒன்று இருக்கிறதே' என்று மற்றவற்றைக் கழித்துவிடுகிறார்கள். சிறந்தது எது என்பது கழிப்பவரின் காது சொல்வது. நாளை வேறொரு காது வரும். இரண்டையும் ஏற்றுங்கள். உறையின்மேல் எழுதிய ஊர், நாள், பக்கவாத்தியக்காரர் பெயர்களையும் உடன் சேருங்கள். என்னிடமுள்ள உறைகளில் அந்த மையெழுத்து ஏற்கெனவே மங்கிவிட்டது; அதனால் நாடாவுக்கும் முன்னால் அதைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.