தொடாமலே சூடு பார்ப்பது

பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்க, அம்மா நெற்றியில் கை வைப்பார். பூமியின் நெற்றியில் யார் கை வைப்பது?

சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் நாசாவின் அக்வா செயற்கைக்கோள் தொடாமலே சூடு பார்த்துவிடுகிறது. தோசைக்கல்லுக்கு அருகே கையைக் கொண்டுபோனாலே சூடு தெரிகிறதல்லவா? அதே கதைதான். எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. சூடு ஏற ஏற அந்தக் கதிரும் கூடும். அதை அளந்து, வழியில் நீராவி விழுங்கியது எவ்வளவு, மணலும் பயிரும் கதிர் வீசும் திறன் எவ்வளவு என்று கணக்குப் போட்டு விஞ்ஞானிகள் வெப்பநிலையைச் சொல்லிவிடுகிறார்கள். மேகம் குறுக்கே வந்தால் மட்டும் தரை தெரியாது.

2005-இல் ஈரானின் லூத் பாலைவனத்தை இப்படி அளந்தபோது, தரையின் சூடு 70.7 டிகிரி செல்சியஸ்!

வானிலை அறிக்கையில் நாம் கேட்பது வேறு. அது தரைக்குச் சற்று மேலே, நிழலில் அளந்த காற்றின் வெப்பம். வெயிலில் காயும் தரை அதைவிட அதிகமாகவே கொதிக்கும்.

அதனால், "இன்றைக்கு 38 டிகிரிதானே" என்று உச்சி வெயிலில் செருப்பில்லாமல் தார்ச்சாலையில் இறங்கிவிடாதீர்கள். ரேடியோ சொன்னது காற்றுக்கு, காலுக்கு அல்ல!