கண்டு கற்றல்



பிறநாட்டுத் தொழில் முகாமையைக் கற்றுவரும் நோக்குடன் கடல்கடந்து செல்வோர் பலர். அவர்கள் கொண்டுவருவன பெரும்பாலும் குறிப்பேடுகளும் நிழற்படங்களுமே. அவற்றாற் பயன் விளையுமா? சென்றவர் தம் சொந்தத் தொழிலின் குறையை எத்துணை அறிந்து சென்றார் என்பதைப் பொறுத்தே அது அமையும். யப்பானிய மோட்டார்த் தொழிலின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று.

1950ஆம் ஆண்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் வீழ்ச்சியின் விளிம்பில் நின்றது. கடன் பெருகியது, தொழிலாளர் போராட்டம் மூண்டது, ஏறக்குறைய 1600 பேர் வேலையை விட்டு நீங்கினர். பொறுப்பைத் தாமே ஏற்று, நிறுவனத்தை உருவாக்கிய கீச்சிரோ டொயோடா தலைமைப் பதவியைத் துறந்தார். அவருடைய சிற்றப்பன் மகனான எய்ஜி டொயோடா அவ்வாண்டிலேயே ஐக்கிய அமெரிக்கா சென்று, மிச்சிகன் மாநிலத்திலுள்ள போர்ட் நிறுவனத்தின் ரிவர் ரூஜ் தொழிற்சாலையைப் பார்வையிட்டார்.

அக்காலத்தில் போர்ட் நிறுவனம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 8000 வண்டிகள் செய்தது. டொயோட்டா செய்தவை 40 அளவினவே. அத்துணைப் பெரிய ஆலையை அப்படியே யப்பானில் நாட்டுவதற்கு முதலும் இல்லை. அத்தனை வண்டிகளை வாங்கும் சந்தையும் இல்லை. ஆயினும் எய்ஜி வெறுங்கையோடு திரும்பினாரல்லர். தொழிலாளர் தம் வேலையைச் சீர்செய்யும் யோசனைகளை எழுதிக்கொடுக்கும் ஏற்பாடொன்றைப் போர்ட் ஆலையிற் கண்டார். 1951இல் அது டொயோட்டாவில் தொடங்கப்பட்டது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாத இப்பாடமே பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாயிற்று.

1956இல் அந்நிறுவனத்துப் பொறியியலாளர் தாயிச்சி ஓனோ அமெரிக்கா சென்றார். மோட்டார்த் தொழிற்சாலைகள் பலவற்றைக் கண்டார். எனினும் அவர் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது சுப்பர் மார்க்கெட் எனப்படும் அங்காடியே. அங்கே வாங்குவோர் தமக்கு வேண்டிய பொருளை வேண்டிய அளவில் தாமே எடுத்துக்கொள்வர். தட்டில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவே மீண்டும் நிரப்பப்படும். தொழிற்சாலையும் இவ்வாறே நடக்கலாமன்றோ? வண்டியைப் பொருத்தும் பிரிவினர் உதிரிப் பாகம் செய்யும் பிரிவுக்குச் சென்று வேண்டியவற்றை எடுத்துக்கொள்வர். எடுத்த அளவே அங்கு மீண்டும் செய்யப்படும். இதற்கு அறிகுறியாகச் செல்லும் சீட்டே ‘கன்பான்’. தேவைக்கு மேற்பட்ட பொருள் குவியாமையால் பணமும் இடமும் மிஞ்சின. குவியலுக்குள் மறைந்துகிடந்த பிழைகளும் வெளிப்பட்டன.

ஒன்றை இங்கே கவனித்தல் வேண்டும். அமெரிக்க அங்காடி முறையைப் பற்றி ஓனோ 1940களின் பிற்பகுதியிலேயே ஆராயத் தொடங்கிவிட்டார். பொருள் குவிவதால் வரும் நட்டம் அவரைப் பல்லாண்டுகளாக வருத்திய வினா. அவ்வினாவோடு சென்றமையாலேயே, பிறர் வெறுங் கடையாகக் கண்ட இடத்தில் அவர் விடையைக் கண்டார்.

பின்னர்க் காலம் திரும்பியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கலிபோர்னியா பிரீமொண்ட் ஆலை, 1984இல் அவ்விரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக மீளத் திறக்கப்பட்டது. இம்முறை அமெரிக்கத் தொழிலாளர் யப்பானுக்குப் பயிற்சிபெறச் சென்றனர். பிழை கண்ட எத்தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கோரலாம், தேவையெனில் வேலை வரிசையையே நிறுத்தலாம் என்னும் முறையை அவர்கள் கற்றனர். பிரீமொண்டில் அது நிலைத்தது. அதே நிறுவனத்தின் வான் நைஸ் ஆலையிலும் இம்முறைகளைப் புகுத்த முயன்றனர். அங்கே அவை வேரூன்றவில்லை. அவ்வாலை 1992இல் மூடப்பட்டது.

கயிற்றை எவ்வாலையிலும் கட்டிவிடலாம். அதை இழுத்தவனைக் கடிந்துகொள்ளாது, “என்ன பிழை கண்டாய்?” என்று கேட்கும் மேலாளன் இல்லையேல், அது வெறுங் கயிறே. ஆதலின், பிறநாடு சென்று கற்க விரும்புவோர் புறப்படுமுன் தம் தொழிற்கூடத்தை ஒருமுறை நன்கு சுற்றிப் பார்ப்பாராக. அங்கே விடை காணாத வினா எதுவோ அதுவே அவருடைய பயணத்துக்கு வழிகாட்டி.