உறைந்த மண்ணின் உஷ்ணம்

கிணறு வெட்டுகிறவன் நீர் ஊறும் வரையில் வெட்டுவான். பாறை குறுக்கிட்டதும் கைவிட்டவர்கள் நம் ஊர்களில் உண்டு. உப்புநீர் கண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களும் உண்டு. ஆனால் பத்தாண்டுக் காலம் விடாமல் வெட்டி, 116 மீட்டர் ஆழம் இறங்கி, அதன் பின்னும் ஒரு சொட்டு நீரும் காணாது, கல்லாய் உறைந்த மண்ணையே கண்ட மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஷெர்கின். கிழக்குச் சைபீரியாவில் லேனா நதிக்கரையில் உள்ள யாக்கூட்ஸ்க் நகரில், ருஷ்ய-அமெரிக்க வர்த்தகக் கம்பெனியின் அலுவலராக இருந்தவர் அவர். 1828ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கிணறு 1837ஆம் ஆண்டில் நின்றது. இடையில் அவர் கைவிட எண்ணினார் என்றும், அவ்வழியே சென்ற ராங்கல் என்னும் கடற்படை அதிகாரி, நீருக்காக இல்லாவிடினும் விஞ்ஞானத்துக்காகத் தொடருங்கள் என்று தூண்டினார் என்றும் கூறுவர். தண்ணீர் தராத அந்தக் கிணறு உலகுக்கு வேறொன்றைத் தந்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யாக்கூட்ஸ்க் நகரின் சீதோஷ்ணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜனவரி மாதத்தில் அங்கே சராசரி உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். ஜூலையிலோ பூஜ்யத்துக்கு மேல் 20 டிகிரியை ஒட்டிச் செல்லும். மதுரைப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்து முதல் பனிக்காலத்தில் விடியற்காலைக் குழாய் நீரில் கைவைத்து அலறியவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டு சைபீரியாவை அளக்க முனைவது பொருந்தாது என்பதை அறிவேன். எனினும் கோடை அங்கே கோடையாகவே இருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மரங்கள் செழிக்கின்றன. லார்ச் என்னும் ஊசியிலை மரங்கள் காடு காடாய் நிற்கின்றன. மரம் வளரும் நிலத்துக்கு அடியில் என்றும் உருகாத மண் எப்படி இருக்க முடியும் என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். ஜெர்மானிய நிலவியல் அறிஞர் புக் என்பவர், பிரயாணிகள் கூறிய செய்திகளை நம்பத்தகாதவை என்றே ஒதுக்கிவிட்டார். ஷெர்கினின் கிணறு அந்த வழக்குக்குத் தீர்ப்பு வழங்கியது.

1844ஆம் ஆண்டில் மிட்டென்டார்ப் என்னும் ஆராய்ச்சியாளர் அக்கிணற்றில் இறங்கினார். சுவரில் வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு, துளைக்குள் உஷ்ணமானிகளைப் பொருத்தினார். மேலே குளிர் கடுமையாகவும், இறங்க இறங்கச் சிறிது சிறிதாகக் குறைந்தும் இருந்தது. கிணற்றின் அடியில் பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 3 டிகிரி. அப்படியாயின் உறைந்த மண் அதற்கும் கீழே இன்னும் தொடர்கிறது என்று அவர் கணக்கிட்டார். வாய் திறந்த கிணற்றுக்குள் பனிக்காலக் காற்று இறங்கியிருக்குமே, எண்கள் அதனால் கெட்டிருக்குமே என்று பிற்காலத்தார் ஐயுற்றனர். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆயினும் பூமிக்கடியிலுள்ள உறைந்த மண்ணின் உஷ்ணத்தை ஆழம் ஆழமாக அளந்து எழுதி வைக்கும் வழக்கம் அங்கேதான் வேரூன்றியது எனலாம்.

இத்தகைய நிலத்தை ஆங்கிலத்தில் பெர்மாஃப்ராஸ்ட் என்பர். நாம் உறைமண் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் பூஜ்ய டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் எதுவாயினும் உறைமண்ணே. அதில் பனிக்கட்டி இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வடபாதி உலகின் நிலப்பரப்பில் சுமார் கால்பங்கு இத்தகைய மண் காணப்படும் மண்டலத்துள் அடங்கும். ருஷ்ய தேசத்தில் மட்டும் மூன்றில் இரு பங்கை ஒட்டிய நிலம் அவ்வாறானது. கோடையில் மேற்பரப்பு ஓரிரு மீட்டர் அளவு இளகும். அந்த மெல்லிய படலத்தில்தான் புல்லும் மரமும் வேரோடுகின்றன. யாக்கூட்ஸ்கில் மழை மிகவும் சொற்பம். கீழேயுள்ள உறைமண், பெய்த நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கி நிற்பதால்தான் அங்கே காடு பிழைக்கிறது. காடும் பதிலுக்குத் தன் நிழலாலும் பாசிப் போர்வையாலும் கோடை வெயிலைத் தடுத்து உறைமண்ணைக் காக்கிறது. ஒன்றுக்கொன்று துணையான அந்த ஏற்பாட்டில் ஒரு பக்கம் இடிந்தால் மறுபக்கமும் சாயும்.

இடிந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். அதே யாக்கூட்டியாவின் வடபகுதியில் படகாய் என்ற ஊர் உள்ளது. 1960களில் அதன் அருகே ஒரு சரிவில் காடு வெட்டப்பட்டது. போர்வை போனதும் வெயில் மண்ணுக்குள் புகுந்தது. மண்ணில் புதைந்திருந்த பெரும் பனிக்கட்டிகள் உருகின, நிலம் உள்வாங்கியது. முதலில் ஓடை போன்ற ஒரு வாய்க்கால். இன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து, ஆண்டுதோறும் ஓரங்கள் சரிந்து விரிந்துகொண்டே போகும் பெரும் பள்ளம். அதன் சுவரில் ஆறு லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மண் வெளிப்பட்டிருக்கிறது. ஆறு லட்சம் ஆண்டுகள் காத்திருந்த மண் ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் கரைந்து ஓடுகிறது. மரம் வெட்டியவர்கள் இதை எண்ணி வெட்டியிருக்க மாட்டார்கள். விறகுக்கோ பாதைக்கோ வெட்டியிருப்பார்கள்.

அது ஓர் ஊரின் கதை. 2021ஆம் ஆண்டுக் கோடையில் யாக்கூட்டியாவில் 80 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டில் தீ பரவியது. தீயில் மரம் மட்டுமா போகிறது? பாசியும் போகிறது. தீக்குப் பிறகு கோடைப் படலம் ஆழமாக இறங்குவதைப் பல இடங்களில் அளந்திருக்கிறார்கள்.

எப்படி அளக்கிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். கோடைப் படலத்தின் ஆழத்தை அறியும் கருவி நம் கொல்லன் பட்டறையிலேயே செய்யக்கூடியது: ஒரு நீண்ட இரும்புக் கம்பி. கோடை முடியும் தறுவாயில் அதை மண்ணில் குத்துவார்கள், உறைமண்ணில் முட்டியதும் கம்பி நிற்கும், ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு சதுர நிலத்தில் 121 இடங்களில் இப்படிக் குத்துவது வழக்கம். 1991ஆம் ஆண்டு முதல் பல நாடுகள் சேர்ந்து இந்தக் கணக்கைப் பராமரித்து வருகின்றன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகினால் மேற்பரப்பே கீழே இறங்கிவிடும். தரையிலிருந்து அளக்கும் கம்பி அந்த இறக்கத்தைக் காட்டாது. பத்து அங்குலம் உருகியும் கம்பி பழைய ஆழத்தையே சொல்லக்கூடும். ஆகவே இப்போது தரையின் உயரத்தையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

ஆழத்தில் உள்ள உஷ்ணத்துக்குத் துளைக்கிணறுகள் வேண்டும். நம் ஊர்க் கிணற்று நீர் கோடையில் குளிர்ந்தும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவதை எல்லோரும் அறிவோம். உஷ்ணம் மண்ணுக்குள் அவ்வளவு மெதுவாகப் போகிறது. பத்திருபது மீட்டருக்குக் கீழே கோடையும் பனிக்காலமும் ஒன்றே. அதற்கும் கீழே இறங்கினால், முந்திய பல பத்தாண்டுகளின் சராசரி நிலைமை மண்ணில் எழுதப்பட்டிருக்கும். 1986ஆம் ஆண்டில் லாக்கன்புரூக், மார்ஷல் என்ற இரு அமெரிக்கர்கள் அலாஸ்காவின் வடபகுதித் துளைகளில் எடுத்த அளவுகளை வெளியிட்டனர். கீழிருந்து நேர்கோடாக வரவேண்டிய உஷ்ணக் கோடு, மேற்பகுதியில் வெப்பத்தின் பக்கமாக வளைந்திருந்தது. சில பத்தாண்டுகளிலிருந்து ஒரு நூற்றாண்டுக்குள்ளாக மேற்பரப்பு 2 முதல் 4 டிகிரி வரை சூடேறியிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கண்டனர். வானிலை நிலையமே இல்லாத இடத்தில், வானிலை வரலாற்றை மண்ணே சொன்னது.

2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில், உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட துளைகளில் எடுத்த அளவுகளின்படி, உறைமண் சராசரியாக 0.3 டிகிரி அளவு சூடேறியிருக்கிறது. இது ஒரு பெரிய எண்ணா என்று கேட்கத் தோன்றும். ஒரு செம்பு மோரில் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டுவைத்துப் பாருங்கள். கட்டி கரையும் வரையில் மோரின் குளிர்ச்சி அநேகமாக மாறாது. வெயில் பட்டுக்கொண்டே இருந்தாலும் அந்த வெப்பமெல்லாம் கட்டியைக் கரைப்பதிலேயே செலவாகிறது. கடைசித் துண்டு கரைந்த பிறகே மோர் விறுவிறு என்று சூடேறும். உறைமண்ணும் அப்படித்தான். கடுங்குளிர்ப் பிரதேசத்து மண்ணில் உஷ்ணமானி ஏறுவது தெளிவாகத் தெரிகிறது. பூஜ்யத்தை நெருங்கிவிட்ட தென்பகுதி மண்ணிலோ அது அசையாமல் நிற்கிறது. மாற்றம் இல்லை என்று அதற்குப் பொருளல்ல. உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணை மட்டும் படித்துவிட்டு நிம்மதி கொள்கிறவர் ஏமாந்து போவார்.

இதில் நமக்கென்ன என்ற கேள்வி எழும். வடபிரதேச உறைமண் மண்டலத்து மண்ணில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் கிடக்கும் செடி கொடி வேர்களின் கரி சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் என்று மதிப்பிடுகின்றனர். இன்று உலகின் காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கரியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு அது. மண் இளகினால் நுண்ணுயிர்கள் விழித்து வேலையைத் தொடங்கும். உலர்ந்த இடத்தில் கரியமில வாயு எழும். நீர் தேங்கிய இடத்தில் மீத்தேன் எழும். அவ்வளவும் ஒரே நாளில் வெளிவந்துவிடும் என்று சிலர் எழுதுவது மிகை. நிதானமாக, பல பத்தாண்டுகளில், ஒரு பகுதி வெளிவரும் என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்பகுதியின் அளவு என்ன என்பதில்தான் கருத்து வேற்றுமை. அந்த வேற்றுமை தீர வேண்டுமானால் அளவுகள் வேண்டும், அதுவும் ஒரே இடத்தில் ஆண்டு தவறாமல் எடுத்த அளவுகள் வேண்டும்.

அந்த அளவுகளுக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் உக்ரைன் போர் மூண்டதும், மேலை நாட்டு ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ருஷ்ய நிலையங்களுக்கும் இடையே பல கூட்டு முயற்சிகள் நின்றுபோயின. ருஷ்ய நிலையங்களின் குறிப்புகளை நீக்கிவிட்டால், மீதியுள்ளவை வடமுனைப் பிரதேசத்தின் உண்மை நிலையைச் சரிவரக் காட்டமாட்டா என்று 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. உலகில் எங்கும் இல்லாத அளவு உறைமண் உள்ள நாட்டின் பக்கங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழிந்து போகின்றன. போரின் நஷ்டங்களில் இதை ஒரு நஷ்டமாக எவரும் எண்ணுவதில்லை. மாண்டவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எண்ணத்தான் தோன்றாது. ஆனால் விட்டுப்போன ஆண்டின் உஷ்ணத்தைப் பிறகு ஒருவராலும் போய் அளக்க முடியாது.

நம் நாட்டிலும் உறைமண் உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். இமயத்தின் உயரங்களிலும் லடாக்கிலும் அது பரவியிருக்கிறது. 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, சிக்கிம் மாநிலத்தில் தெற்கு லோனக் என்னும் பனிமலை ஏரியின் கரையில், பனியாறு ஒதுக்கிக் குவித்திருந்த உறைந்த மண் மேடு சரிந்தது. சரிந்தது ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் கன மீட்டர் என்று பின்னர் கணக்கிட்டனர். ஏரியில் பேரலை எழுந்தது, கரை உடைந்தது, டீஸ்டா நதி பெருகிச் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எழுபதுக்கு மேற்பட்டோர் காணாமற்போயினர். சிலிகுரியிலும் ஜல்பைகுரியிலும் வாழும் நம்மவர்கள் அந்த நதியின் நிறத்தை அன்று கண்டிருப்பார்கள். அத்தகைய மேடுகள் இமயத்தில் இன்னும் பல உள்ளன. அவற்றின் உள்ளே உஷ்ணம் என்ன என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்த துளைகளோ மிகமிகக் குறைவு. ஏறுவதும் கடினம், கருவிகளைக் காப்பதும் கடினம் என்பது மெய்யே. ஆயினும் ஓர் அணைக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் உஷ்ணமானிகளின் விலை எவ்வளவு என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

தொலைவில் வடக்கே நாம் கால் பதிக்காமல் இல்லை. நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளில், வடமுனையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நி-ஓலெசுண்ட் என்ற சிற்றூரில், 2008ஆம் ஆண்டு முதல் ஹிமாத்ரி என்னும் இந்திய ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. அதே ஊர்ப்புறத்தில் ஜெர்மானியர்கள் 1998ஆம் ஆண்டு முதல் உறைமண்ணின் உஷ்ணத்தைக் குறித்து வருகின்றனர். கோடையில் மட்டுமே நம்மவர்கள் தங்கிவந்த ஹிமாத்ரிக்கு, 2023 டிசம்பரில் முதன்முறையாகப் பனிக்கால ஆராய்ச்சிக் குழு ஒன்று அனுப்பப்பட்டது. அங்கே அம்மாதத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. இருட்டில் விளக்கேந்திச் சென்று கருவியைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும். மறுநாளும் அவ்வாறே போக வேண்டும்.