டெலிவிஷனும் தேசிய ஐக்கியமும்
(கோட்டூர்புரத்தில் பேசியதன் சுருக்கம்)



டெலிவிஷன் தேசத்தை ஒன்றாக்கிற்று என்கிறார்கள். யாரோடு யாரை ஒன்றாக்கிற்று என்று கேட்கின்றோம். 1975-76ல் அமெரிக்கா இரவல் கொடுத்த செயற்கைக் கோளைக் கொண்டு, ஆறு மாகாணங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் பயிர்த்தொழில், சுகாதாரம், பள்ளிப்பாடம் முதலியவற்றை ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய பாஷைகளில் சர்க்கார் காட்டிற்று. அதை நாம் குறை சொல்லவில்லை.

1982ல் டில்லியின் தேசிய நிகழ்ச்சி வந்தது. 1975 முதல் தமிழில் பேசி வந்த சென்னை நிலையம், இரவானால் டில்லி ஹிந்திக்கு வழிவிட வேண்டியதாயிற்று. புரியாத பாஷை பேசும் பெட்டிக்கு முன் வாய்மூடி உட்கார்ந்திருப்பதா ஐக்கியம்?

போதாததற்கு, 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு தோறும் இராமாயணம்! வடக்கே பெட்டிக்கே மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். முஸ்லிமும், கிறிஸ்தவரும், நாஸ்திகரும் வரி கொடுக்கும் சர்க்காரின் நிலையத்தில் ஒரு மதத்தின் கதை தேசத்தின் கதையாக ஆக்கப்பட்டது. இதனால் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?

1993ல் தனியார் தமிழ்ச் சேனல் வந்தது. தெலுங்கருக்கும், கன்னடியருக்கும், மலையாளிகளுக்கும் அப்படியே வந்தன. தேசம் உடைந்துவிட்டதா?

ஆனால் விடிந்ததும் ராசிபலன் சொல்லுகிறார்களே என்றால், தமிழில் சொல்லுவதாலேயே புரட்டு அறிவாகிவிடாது. அதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.